துரைசாணியின் ஏழு தொட்டிகள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் முழுசாகச் செய்து கொடுக்க மனசு வராது என்பது மாயாண்டிக் கிழவரின் முடிந்த முடிவு. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலக்கிறான். அரிசியில் கல் கலக்கிறான். கோயில் பூசாரிகூட மந்திரத்தில் பாதியை விழுங்கிவிட்டுத் தட்டை மட்டும் முழுசாக நீட்டுகிறான். சரி, அதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் சுற்றிலும் நானூறு ஏக்கர் தேயிலை நிற்க, நடுவில் குந்தியிருக்கிற மனுசனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி உருப்படியாகக் கிடைக்காது என்றால் அது என்ன நியாயம்?

அதைக் கேட்கத்தான் அன்று காலை அவர் கேத்தலும் கையுமாக இலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் போய் நின்றார்.

டீமேக்கர் சிதம்பரநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "என்னய்யா மாயாண்டி, கேத்தலத் தூக்கிக்கிட்டு வந்திருக்க?"

"குடிச்சுப் பாருங்க ஐயா. மாசாமாசம் நீங்க குடுக்குற தூள்ல போட்டது. ரெண்டு வாரமா இப்பிடித்தான் இருக்கு. சாயம் இல்ல, மணம் இல்ல. வேலிக்காலு தழைய ஊற வச்ச மாதிரி இருக்கு."

தொழிலையே குறை சொன்னால் எந்த டீமேக்கர் சும்மா இருப்பார்? சிதம்பரநாதன் ஒரு கோப்பையில் ஊற்றி, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் அங்கும் இங்கும் உருட்டி, வாசல் ஓரமாகத் துப்பினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இன்னொரு வாய் உறிஞ்சினார்.

"இது என் தூள் இல்ல," என்றார்.

"பின்ன?"

"மாயாண்டி, இது தேயிலையே இல்லைய்யா!"

எழுபது வயசுக்குள் எத்தனையோ கள்ளர்களைப் பார்த்தவர் மாயாண்டி. இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்ட கள்ளனைப் பார்த்ததில்லை.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று கேத்தலைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

வீட்டில் அழகம்மா அடுப்படியில் உட்கார்ந்து தன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தானே இருக்கு," என்றாள். அவளுக்கு நாக்கு செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்று கிழவர் முடிவு கட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார்.

பங்களாவில்தான் அவருடைய உயிர் ஏழு தொட்டிகளில் நின்றுகொண்டிருந்தது.

கந்தப்பளைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் மாயாண்டிக்கு வயசாகிவிட்டது என்று செக்ரோல் என்கிற ஆள்பதிவில் பேர் வெட்டி எட்டு வருஷம். பெரிய துரையின் சம்சாரம் இரக்கப்பட்டு அவரைப் பங்களாத் தோட்டக்காரனாக வைத்துக்கொண்டாள். அந்த வேலையோடு பங்களாவுக்குப் பின்னால் ஒரு தனி வீடு வந்தது. இரண்டு அறை, புகை வெளியே போகிற அடுப்படி, எல்லாவற்றுக்கும் மேலே சுவரிலேயே ஒரு தண்ணீர்க் குழாய். அதற்கு முன் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறைக்குள் பிள்ளை குட்டிகளோடு கிடந்து, விடியுமுன் பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நின்று, முந்தியவளோடு சண்டை பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்த குடும்பம் அது. அழகம்மா முதல் நாள் அந்தக் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி அரை நாளைக் கழித்தாள்.

அந்த வீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து.

ஐப்பசியில் துரையும் துரைசாணியும் ஆறு மாச லீவில் சீமைக்குக் கப்பலேறினார்கள். போகிற அன்று துரைசாணி அவரைக் கூப்பிட்டு வாசலில் இருந்த ஏழு தொட்டிகளைக் காட்டினாள். இடுப்பளவு உயரம், மெல்லிய கொப்பு. இலை ஒவ்வொன்றும் பச்சைப் பிள்ளை கையை விரித்த மாதிரி. ஜப்பானிலிருந்து வந்த மேப்பிள் என்றாள். அந்தப் பேர் வாயில் நுழையாததால் மாயாண்டி அதற்குக் 'கைமரம்' என்று பேர் வைத்தார்.

துரைசாணிக்குத் தெரிந்த தமிழெல்லாம் கட்டளைத் தமிழ்தான். "மாயாண்டி! உச்சி வெயில் வைக்காதே. காத்து வைக்காதே. தண்ணி தேங்காதே. கத்தரிக்கோல் கொண்டு வராதே. குளிர் வந்தா இலை சிவப்பு வரும், கொட்டும். நீ பயப்படாதே. ஏப்ரல் நுவரெலியா பூக்காட்சி. மரம் நல்லா இருந்தா, நீ சாகும் வரை இந்த வேலை, இந்த வீடு. மரம் போனா..."

மீதியைச் சொல்லாமல் பக்கத்தில் பார்த்தாள். பக்கத்தில் கணேசமூர்த்தி நின்றான். ஹக்கலைப் பூந்தோட்டத்தில் ஆறு மாசம் பூவேலை படித்துவிட்டு வந்தவன். நீளக் களிசான், எண்ணெய் மினுங்குகிற தலை. மாயாண்டியை இளவட்டங்கள் எல்லாம் மாமா என்று கூப்பிட, அவன் மட்டும் "தாத்தா" என்பான். அதற்காகவே அவனை அவருக்குப் பிடிக்காது.

மார்கழிப் பனியில் துரைசாணி சொன்னபடியே இலையெல்லாம் குங்குமமாகச் சிவந்து கொட்டியது. மாயாண்டி ஏழு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். மாசி கடைசியில் மொட்டை மரம் மறுபடி செக்கச் செவேலென்று துளிர்த்தது. துரைசாணி சொன்னது பலித்துவிட்டதே என்று சின்னத்தம்பி கேட்டதற்கு, "அது சும்மா வாய்ச்சது," என்று முடித்துவிட்டார். சின்னத்தம்பி என்பவன் பங்களாவின் குசினிக்காரன். துரை இல்லாத பங்களாவில் யாருக்கும் சமைக்க வேண்டியில்லாமல் உடம்பு ஊதிப்போய் இருந்தான்.

டீமேக்கரோடு சண்டை போட்ட அன்று கைமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நுனி இல்லை.

ஒரு கொப்பில் இல்லை, இரண்டில் இல்லை. ஏழு தொட்டியிலும் புதுத் துளிர் அத்தனையிலும் நுனியைக் காணவில்லை. ஒவ்வொரு காம்பிலும் கீழே ஒரு சோடி இலை மட்டும் கை விரித்து, 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று நின்றது.

மாயாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். இதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் சின்னத்தம்பி காதுக்குப் போகும். அவன் வாயிலிருந்து, துரைக்குப் பதில் தோட்டத்தைப் பார்க்கிற சின்னத் துரைக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறிச் சீமைக்கே போய்விடும். சொந்தப் பெண்சாதியிடமும் மூச்சு விடக்கூடாது. பெண்சாதி என்றாலும் அவளும் லயத்துப் பெண்களோடு பேசி வருகிறவள்தானே.

பூச்சியாக இருக்கும் என்று நினைத்தார். தேயிலையில் கொப்புள நோய் வந்தால் மலைக்கு அடிக்கிற செம்பு மருந்து இருக்கிறது, நீலத் தூள். அது வைத்திருக்கிற காம்பராவில் ஒரு டின் கேட்டு வாங்கினார். எவ்வளவு கலப்பது என்று டின்னில் எழுதியிருந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவனிடம் கேட்கவும் மனசில்லை. ஒரு வாளிக்கு ஒரு டின் என்று கலக்கி ஏழு மரத்தையும் குளிப்பாட்டினார். மரங்கள் நீலமாகிப் போயின.

மத்தியானம் அழகம்மா சோற்றுச் சட்டியோடு வந்தாள். தினமும் வருவாள். கிழவர் தின்றுவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சைப்ரஸ் மரத்தடியில் பத்து நிமிஷம் சாய்வார். அவருடைய நாளில் காவல் இல்லாத நேரம் அது ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"அடியே, நான் கண்ணசருற நேரம் நீ அந்தத் தொட்டிக்கிட்டயே நில்லு. ஒரு குஞ்சு குருமான் அண்டக்கூடாது."

"ஏங்க?"

"ஏன், எதுக்குன்னு கேக்காத. நில்லுன்னா நில்லு."

"சரிங்க," என்றாள் அழகம்மா. அன்று முதல் தினமும் சொன்னபடியே நின்றாள். ஒரு கோழிகூட அண்டவில்லை.

எட்டு நாள் கழித்து மாயாண்டிக்கு வயிற்றைப் பிடுங்கி எடுத்தது. வாந்தி. நாக்கில் செப்புக்காசை வைத்த மாதிரி ஒரு ருசி. தோட்டத்து மருந்தையா நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றைத் தட்டி அமுக்கிப் பார்த்தார்.

"களிம்பு ஏறின செம்புச் சட்டியில ஏதும் சாப்பிட்டியா?"

"எங்க வீட்ல அலுமினியமுங்க."

"அப்ப இது எப்படி?"

"அது தெரிஞ்சா நான் ஏன் ஐயா உங்ககிட்ட வாறேன்?"

வைத்தியம் படித்தவர்களும் இந்தக் காலத்தில் நம்மிடமே கேட்டு வைத்தியம் செய்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பாயில் விழுந்தார். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. "தண்ணி மட்டும் ஊத்திட்டு வா," என்று அழகம்மாவை அனுப்பினார்.

"ஊத்திட்டேன். இலையெல்லாம் நீலமா என்னமோ அழுக்கு அப்பிக் கிடந்துச்சு. ஒண்ணொண்ணாத் தொடச்சுக் கழுவி விட்டேன்," என்றாள் அவள்.

"ஐயோ பாவி! அது மருந்துடி!"

"யாருக்கு மருந்து?"

அதற்கு மேல் பேசினால் விஷயம் வெளியே வந்துவிடும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எழுந்து போய்ப் பார்த்தபோது துளிர்த்திருந்த நுனிகள் மறுபடி இல்லை. இந்தத் தடவை கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். பூச்சி தின்றால் ஓட்டை விழும். ஆடு கடித்தால் நார் தொங்கும். இது நகத்தால் நறுக்கின மாதிரி சுத்தமாக இருந்தது. ஆக, இது மனுசன் வேலை.

மனுசன் என்றால் யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஆனால் குற்றத்தைச் சொல்லாமல் கள்ளனைப் பிடிக்க வேண்டும். முதலில் குசினிக்குப் போய் வாசல் நிலையில் கையை ஊன்றி நின்றார்.

"சின்னத்தம்பி, நீ செய்யிறதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சின்னத்தம்பியின் கையிலிருந்த அகப்பை நழுவியது. "மாமா! சத்தியமா ஒரு போத்தல்தான் மாமா! தொரை பாதி குடிச்சு வச்சிட்டுப் போனது. கொறைஞ்ச அளவுக்குத் தேத்தண்ணி ஊத்தி நெறப்பி வச்சிட்டேன். நெறம் ஒண்ணுதான் மாமா!"

மாயாண்டி எதிர்பார்த்தது இதுவல்ல. ஆனாலும் முகத்தை மாற்றாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தார். துரையின் பிராந்தியிலும் தேத்தண்ணியா? உலகத்தில் எந்தத் திரவமும் சுத்தமாக இல்லை.

அடுத்து நாற்றுமேடைக்குப் போனார். கணேசமூர்த்தி விசிலடித்துக்கொண்டு சாடிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"டேய். நீ யார் கண்ணுல மண்ணத் தூவினாலும் என் கண்ணுல தூவ முடியாது. பங்களாவுல நீ என்ன செஞ்சேங்கிறது எனக்குத் தெரியும்."

கணேசமூர்த்தியின் விசில் காற்றாகப் போனது. "தாத்தா... யார் சொன்னா? பரிமளம் சொன்னாளா?"

"யாரு பரிமளம்?"

"பிள்ளைக்காம்பராவுல ஆயாவா இருக்கே, அந்தப் பிள்ளை. அதுக்குத் தொரசாணியோட மஞ்ச ரோசான்னா உசிரு தாத்தா. ரெண்டே ரெண்டு கொப்பு வெட்டி அது வீட்டு வாசல்ல வச்சுக் குடுத்தேன். தொரசாணி வந்ததும் சொல்லிப்புடாதீங்க."

இரண்டு கள்ளன் பிடிபட்டான். களவு போன சாமான் மட்டும் அகப்படவில்லை.

வினை அதோடு நிற்கவில்லை. பயந்துபோன இருவரும் கிழவரைக் குளிரவைக்கப் புறப்பட்டார்கள். சின்னத்தம்பி, அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று, விடிந்ததும் விடியாததுமாய் ஏழு தொட்டிக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். அவன் போனதும் கணேசமூர்த்தி வந்து, தாத்தா மனம் குளிரட்டும் என்று தொட்டிக்கு ஒரு பிடி உரம் போட்டான். மாயாண்டி வந்து பார்த்தபோது தொட்டியெல்லாம் சேறு. சேற்றின் மேல் வெள்ளை வெள்ளையாக என்னமோ மின்னியது.

"விஷம் வச்சிட்டானுக," என்று தலையில் கையை வைத்தார்.

இனி ஒருவரையும் நம்புவதற்கில்லை. முழங்கால் நோவோடு ஏழு தொட்டியையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துத் தூக்கித் தன் வீட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார். மேல் மண்ணை வழித்து எறிந்தார். அடியில் ஓட்டையைக் குத்தித் தண்ணீரை வடித்தார். சுற்றி மூங்கிலை நட்டு, சாக்கால் மறைத்து, மேலே கம்பி வலை கட்டினார். உள்ளே போக அடுப்படிக் கதவு ஒன்றுதான் வழி. அந்தக் கதவுக்கு முன்னால் பகல் முழுவதும் அழகம்மா இருப்பாள். இதைவிட நல்ல கட்டுக்காவல் கவர்மெந்து கச்சேரியிலும் கிடையாது.

அடுத்த வாரம் கம்பி வலைக்குள் எட்டிப் பார்த்தார். ஏழு மரத்திலும் நுனி மழித்து எடுத்த மாதிரி இருந்தது. முன்பாவது அங்கொன்று இங்கொன்று தப்பியிருந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை.

கிழவர் வீட்டுக்குள் ஓடினார். வேப்பெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் துணியில் நனைத்து ஒவ்வொரு கொப்பாகத் தடவினார். தொட்டவன் கை நாறட்டும், நாற்றத்தை வைத்தே பிடிக்கலாம் என்பது திட்டம். அன்று முதல் ஊரில் எதிர்ப்பட்ட ஆண்கள் கையையெல்லாம் பிடித்து மோந்து பார்த்தார். கங்காணி கையை மோந்தபோது கங்காணி மூன்று அடி பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரு வாரத்தில் மாயாண்டிக்கே வாயெல்லாம் கசந்து வழிந்தது. காய்ச்சல் வரப்போகிறது என்று மருந்தையாவிடம் போனார். மருந்தையா இந்தத் தடவை நாக்கைப் பார்க்கவில்லை; கண்ணைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தந்தி வந்தது. துரைசாணி செவ்வாய்க்கிழமை வருகிறாள். பூக்காட்சிக்கு ஐந்து நாள் முந்தியே.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு தொட்டியையும் மறுபடி பங்களா வாசலில் வரிசையாக வைத்தார். இடுப்பளவு நின்ற மரங்கள் அதற்கு மேல் ஒரு விரற்கடை வளரவில்லை. வளர வேண்டிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டிக் கொப்பாகக் கிளைத்து, சின்னச் சின்ன இலையாக நெருக்கியடித்துக்கொண்டு குந்தியிருந்தன. மாயாண்டிக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க வீட்டுச் சுவரிலிருந்த குழாய்தான் ஞாபகம் வந்தது. அழகம்மா இனி எந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்குப் போவாள்? அவளுக்கு இடுப்பு வேறு சரியில்லை.

கார் வந்தது. துரைசாணி இறங்கினாள். நேரே தொட்டிகளுக்கு வந்தாள். ஒன்றைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். குனிந்து ஒரு கொப்பைத் தூக்கிக் காம்பின் நுனியைப் பார்த்தாள். அவள் முகம் இரத்தமாகச் சிவந்தது.

"யார் இது கிள்ளினது?"

மாயாண்டி இந்தக் கேள்விக்காக ஒரு வாரமாகப் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"கணேசமூர்த்திங்க!" என்றார். "நான் கண்ணால பாத்தேங்க. எல்லாம் அவன் வேலைதானுங்க."

"ஐயோ தாத்தா!" என்று அலறினான் கணேசமூர்த்தி.

"கணேசமூர்த்தி!" என்று கத்தினாள் துரைசாணி. கத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நல்லது! ரொம்ப நல்லது! நான் மூணு வருஷம் பார்த்தேன், என் கை வரல்ல. கத்தரிக்கோல் வச்சா நுனி கருகும். ஜப்பான் ஆள் விரல் வச்சுத்தான் கிள்ளுவான், இலை விரியும் முன்னே, நடு மொட்டு மட்டும். அப்போதான் கொப்பு இப்படி நெருங்கும், இலை இப்படிச் சின்னதா வரும். இது பரிசு மரம்! நீ எங்கே படிச்சது?"

கணேசமூர்த்தி ஒரு கணம்தான் யோசித்தான்.

"ஹக்கலைலங்க," என்றான்.

மாயாண்டி இருவருக்கும் நடுவில் புகுந்தார். வீட்டைத் தூக்கித் தன் கையாலேயே அவனுக்குக் கொடுத்துவிட்டார். "தொரசாணி, அவன் இல்லீங்க! நான்தானுங்க கிள்ளினது!"

"இப்போ நீ அவன் சொன்னது."

"அது... அடக்கமாச் சொன்னதுங்க."

துரைசாணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சீமைக்குப் போய் வந்தாலும் தோட்டத்தில் பதினைந்து வருஷம் இருந்தவள் அல்லவா? "சரி. இந்தக் கொப்பு கிள்ளு. நான் பார்க்கணும்."

கணேசமூர்த்தி முன்னால் போய் ஒரு துளிரைப் பிடித்து இழுத்தான். துளிரோடு கொப்பே பிய்ந்து கையில் வந்தது. துரைசாணி "ஆ!" என்றாள். மாயாண்டி அவனைத் தள்ளிவிட்டுத் தன் கட்டை விரலை வைத்தார். நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரல். மொட்டு நசுங்கிச் சாறாக வழிந்தது.

"நிறுத்து! ரெண்டு பேரும் தொடாதே!"

அப்போதுதான் அழகம்மா சோற்றுச் சட்டியோடு வந்து சேர்ந்தாள். நசுங்கின மொட்டையும் பிய்ந்த கொப்பையும் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. துரைசாணி நிற்பதுகூட அவள் கண்ணில் படவில்லை.

"தள்ளுங்க ரெண்டு பேரும். இப்பிடியா கொழுந்து எடுக்குறது? மலையில இப்பிடி எடுத்தா கங்காணி கூடையோட தூக்கி எறிஞ்சிருப்பாரு."

சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையும் மரத்துக்குள் போயின. டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். யாரும் மூச்சு விடுமுன் ஒரு மரம் முடிந்தது, அடுத்த மரம், அதற்கடுத்தது. ஏழாவது தொட்டிக்கு வந்தபோதுதான் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது தெரிந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

துரைசாணி ஒவ்வொரு காம்பாகப் பார்த்தாள். கீழ்ச் சோடி இலையில் ஒரு கீறல் இல்லை.

"நீதான் எப்பவும் கிள்ளுறதா?"

"ஆமாங்க. ஏழு நாளைக்கு ஒருக்கா. கொழுந்த முத்தவிட்டா செடி கெட்டுப் போயிருமுங்களே."

"அடியே!" மாயாண்டி அவள் பக்கம் பாய்ந்தார். "ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க என்னைக்கு என்கிட்ட என்னான்னு கேட்டீங்க? யாரையும் கிட்ட அண்டவிடாதன்னீங்க. விடல. காவலுக்கு நில்லுன்னீங்க. நின்னேன். சும்மா நிக்கிற கை சும்மா இருக்குமா?"

துரைசாணி சிரித்த சிரிப்பில் காரோட்டியும் சேர்ந்துகொண்டான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டாள். நாளையிலிருந்து பங்களாத் தோட்டக்காரி அழகம்மா. செக்ரோலில் அவள் பேர். வீடு அவளுக்கு, சாகும் வரை. மாயாண்டி வேண்டுமானால் அவளோடு இருக்கலாம்.

துரைசாணி உள்ளே போனதும் கணேசமூர்த்தியும் நழுவினான். மாயாண்டி சைப்ரஸ் மரத்தடியில் குந்திச் சோற்றைப் பிசைந்தார். வீடு தப்பியது. குழாய் தப்பியது. ஆனாலும் என்னமோ தோற்றுப்போன மாதிரி இருந்தது. அழகம்மா கீழே சிந்தியிருந்த சிவப்பு நுனிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் குப்பைய ஏன்டி மடியில கட்டுற? தூரக் கொட்டு."

அழகம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"கொட்டுறதாவது! தொரையே வாசல்ல தொட்டியில வச்சு வளக்குற சப்பான் தேயிலை, ரொம்ப ஒசத்தியா இருக்கும்னு, வாட்டி வறுத்து உங்களுக்கு மட்டும் தனியாப் போட்டுக் குடுத்தேன். நான் குடிக்கிறது ஸ்டோர்த் தூளுதான். விடிஞ்சா எந்திரிச்சா 'இதெல்லாம் ஒரு தேத்தண்ணியா'ன்னு வஞ்சீங்களே, ஒன்றரை மாசமா எதைக் குடிச்சிட்டு வஞ்சீங்கன்னு நெனச்சீங்க?"

மாயாண்டி கையிலிருந்த சோற்றுருண்டையைச் சட்டியிலேயே போட்டார். ஏழு தொட்டியையும் ஒரு தடவை பார்த்தார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கி நடந்தார்.

"என்ன இருந்தாலும்," என்று போகிற போக்கில் அவர் சொன்னது காற்றில் வந்தது, "அந்த டீமேக்கர் கள்ளன்தான்."